ராஜ வீதியைச் சுரண்டிவிட்டுத் தார் போட உத்தரவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ராஜ வீதிக் குடியிருப்போர்,
தரங்கம்பாடி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மயிலாடுதுறை மாவட்டம்.

பொருள்: தரங்கம்பாடி ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயத்தின் முன்பகுதியில் சாலை மட்டத்தைக் குறைத்தல், மழைநீர் வடிகால் அமைத்தல், தமிழில் தகவல் பலகை வைத்தல் குறித்து.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த ஆலயத்தின் பாடகர் குழுவில் நாற்பது ஆண்டுகளாகப் பாடி வருகிறேன். தெருக்காரர்கள் கேட்டுக்கொண்டபடி எல்லோர் சார்பிலும் நானே எழுதுகிறேன்.

என் சிறுவயதில் ராஜ வீதி ஆலய வளாகத்தைவிடத் தாழ்வாகத்தான் இருந்தது. எத்தனை மழை பெய்தாலும் தண்ணீர் தெருவோடு ஓடிவிடும். அப்புறம் தார் மேல் தார் போட்டார்கள். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த ஒப்பந்ததாரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. போன ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் நேராக வாசலுக்குள் வந்தது. ஞாயிறு காலை ஆராதனைக்குப் போனால், ஆலயத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். அன்று ஆர்மோனியத்தில் ஒரு கட்டை ஈரத்தில் ஊதி, அழுத்தியது அழுத்தியபடியே நின்றுவிட்டது. பாட்டு முடிந்த பிறகும் அந்த ஒரு சுரம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்ணீர் வடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய சுவர் இது. அஸ்திவாரத்தில் தேங்கும் ஈரத்தைத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுக்கும். ஏற்கெனவே கடற்காற்றின் உப்பு ஊறிய சுவர். ஈரம் காயும்போது உப்பு பூத்து, காரை பொரிந்து உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசினால் நிலைமை இன்னும் மோசம். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று செங்கல்லைத் தின்னும். சுவரை மட்டும் பழுது பார்த்துப் பயனில்லை, தண்ணீர் வராமல் தடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

கட்டடத்தின் வரலாறு தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கோப்பில் இருக்கட்டும். சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய மிஷனரிகள் டென்மார்க் அரசரின் செலவில் 1706 ஜூலை 9 அன்று இங்கே கரையிறங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரல் வைத்து எழுதித் தமிழ் கற்றவர் சீகன்பால்க். 1707இல் அவர்கள் எழுப்பிய முதல் எருசலேம் ஆலயம் இன்று இல்லை. அதற்குப் பின் வந்தது இந்தப் புதிய ஆலயம். 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. முகப்பில் கிரீடத்தோடு தெரியும் எழுத்துச் சின்னம் அந்த டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்குடையது. பிரதிஷ்டை நடந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்க் தமது 36ஆவது வயதில் காலமானார். அவரை அடக்கம் செய்தது இந்த ஆலயத்துக்குள்ளேதான். தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதலாக அச்சிட்டு 1715இல் முடித்தவரின் கல்லறைப் பக்கம் தெருச் சாக்கடை வருவது எங்களுக்கு மட்டுமான வருத்தமல்ல என்று நம்புகிறோம்.

ஆலயம் சிலுவை வடிவில் கட்டப்பட்டது. பாடுகிறவனுக்கு இந்த வடிவம் ஒரு வரமும் தொல்லையும். நடுவில் நின்று பாடினால் மைக் தேவைப்படாது, குரல் நாலு பக்கமும் போய்த் திரும்பி வரும். ஆனால் பக்கக் கைகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது சற்றுத் தாமதமாகக் கேட்பதால் அவர்கள் இழுத்துப் பாடுவார்கள். அவர்களைக் கையசைத்து இழுத்து வருவதுதான் எங்கள் வேலையில் பாதி.

பாடுவதிலும் இங்கே இரண்டு ஓட்டம் உண்டு. ஜெர்மன் மெட்டில் தமிழ்ச் சொல்லை உட்கார வைத்தது ஞானப்பாட்டு. அப்படிப் பல பாட்டுகளைத் தமிழாக்கிய ஜெர்மானிய மிஷனரி பேப்ரிசியஸ் 1740இல் இந்த ஊருக்குத்தான் வந்து சேர்ந்தார். குறில் வர வேண்டிய இடத்தில் மெட்டு நெடிலைக் கேட்கும், இருந்தாலும் எங்கள் பாட்டிமார் அதை மனப்பாடமாகப் பாடினார்கள். இன்னொன்று ராகம், தாளத்தோடு வரும் கீர்த்தனை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இளமையில் தரங்கம்பாடியில் படித்தவர். சரபோஜி மன்னரின் அவையில் மதிப்புப் பெற்ற கவிஞர். குறவஞ்சி வடிவத்திலேயே கிறிஸ்தவ நூல் செய்தவர். எது உயர்ந்தது என்ற வாதம் எங்கள் குழுவில் இன்னும் ஓயவில்லை. என் ஓட்டு கீர்த்தனைக்குத்தான். மார்கழி இரவில் பஜனை ராஜ வீதியில் வரும்போது கூட நின்று தாளம் போடுகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

ஆனால் வீதிமுனையில் இருக்கும் பலகையைப் படித்தால், டேனிஷ்காரர்கள் கட்டி விட்டுப்போன காலிக் கட்டடம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1845இல் டென்மார்க் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனது, இங்குள்ள கிறிஸ்தவ சபை எங்கேயும் போகவில்லை. 1733இல் தமிழரான ஆரோன் குருப்பட்டம் பெற்றது இந்த ஊரில்தான். பலகையில் அவர் பெயர் இல்லை.

எனவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை சாலை போடும் முன் ஆலயத்தின் முன்பகுதியில் பழைய தார்த் தளம் முழுவதையும் சுரண்டி எடுத்து, வளாகத்தைவிடத் தாழ்வான மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேல்தளத்தைச் சுரண்டிய பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று 2021இலேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். ஆகவே புதிதாக விதி எதுவும் தேவையில்லை, அதை இங்கே நடைமுறைப்படுத்தினாலே போதும். அதோடு ஒரு மழைநீர் வடிகாலும் வேண்டும். ஆரோன் பெயரும் பாட்டு மரபும் இடம்பெறும் தமிழ்ப் பலகை ஒன்றும் வைத்துத் தர வேண்டும். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுற்றுலாப் பேருந்துகள் ஆலய வாசலில் எஞ்சினை ஓடவிட்டு நிற்காமல், கோட்டைப் பக்கம் போய் நின்றால் பெரிய உதவி.

முதல் கோரிக்கை மட்டும் அவசரம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடந்தாக வேண்டும். 1306இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயிலில் பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்த ஊர் இது. கடலிடம் மனுக் கொடுக்க முடியாது. தார் விஷயத்தைத் தங்களிடம் சொல்லலாம் என்றுதான் வந்திருக்கிறோம்.

ஒரு மழை நாளில் நேரில் வந்து பார்வையிட வேண்டுகிறோம். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், பாட்டையும் கேட்டுவிட்டுப் போகலாம்.

இணைப்பு: மழைநீர் புகுந்தபோது எடுத்த புகைப்படங்கள், வீதிவாசிகளின் கையொப்பங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ராஜ வீதிக் குடியிருப்போர்
தரங்கம்பாடி