தலையிலிருந்து கால் முளைத்தால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை வந்தால் போதும், எங்கள் மும்பை மாட்டுங்கா கடைகளில் குழந்தைகளுக்கான கிராஃப்ட் பெட்டிகள் குவிந்துவிடுகின்றன. காகிதத்தைத் தயாரிப்பாளர்களே வெட்டி, ஒட்டும் இடத்தில் புள்ளியும் வைத்துத் தருகிறார்கள். குழந்தைக்கு இதில் என்ன வேலை மிச்சம்? விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

இந்தப் பெட்டி இல்லாமலே எவ்வளவோ செய்யலாம். வெண்டைக்காயைக் காம்போரம் நறுக்கி, மஞ்சள் குழைத்த தண்ணீரில் தோய்த்துப் பழைய நாளிதழில் அழுத்தினால் அழகாகப் பூ விழும். சிவப்புக்கு பீட்ரூட் சாறு. தாராவி கும்பார்வாடாவில் பானை செய்பவர்களிடம் கேட்டுக் கொஞ்சம் களிமண் வாங்கிக்கொள்ளலாம். முற்றம் இல்லாத ஃபிளாட்டா? சரி, பால்கனித் தரையும் ஒரு சாக்பீஸும் போதும். மூன்று வயதுக்குட்பட்டவர்களிடம் மணி, பொத்தான் மட்டும் கொடுக்காதீர்கள், வாயில் போட்டுக்கொள்வார்கள்.

அப்புறம், குழந்தை வரையும்போது குறுக்கே வரும் பெரியவர்களின் கை. மூன்று, நான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்தே இரண்டு கால்களை இழுத்துவிட்டு 'இது தாத்தா' என்பார்கள். உடம்பு எங்கே என்று கேட்டு, நாமே பென்சிலைப் பிடுங்கி வரைந்து காட்டுகிறோம். அந்த வயதுப் படம் அப்படித்தான் இருக்கும். உடம்பு தானாக வரும்.

தங்கள் சிறுவர் பக்கத்திலும் அச்சுப் பிசகாத படங்களே வருகின்றன. பாதிக்கு மேல் அப்பா அம்மா வரைந்தவை என்று சந்தேகிக்கிறேன். ஐந்து வயதுக்குட்பட்டோரின் கிறுக்கல்களுக்குப் பரிசு எதுவும் வைக்காமல் ஒரு மூலை ஒதுக்குவீர்களா?

இப்படிக்கு,
ஒரு பாட்டி, மாட்டுங்கா, மும்பை