ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் ராயபுரத்துத் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

ஸ்தோத்திரம். விசா கைக்கு வந்துவிட்டதாமே, சந்தோஷம். ஸ்வெட்டர் எத்தனை, குக்கர் எத்தனை லிட்டர் என்றெல்லாம் இந்நேரம் ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். சபைக்குப் போகிற பிள்ளை அங்கே எங்கே இடறும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

குடியேறிய 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். பாஸ்போர்ட்டோடு, நீ குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். காலேஜ் அப்ளிகேஷனில் நிரப்புகிற மாதிரி யோசிக்காமல் நிரப்பிவிடாதே. 'எவாங்கேலிஷ்' என்று எழுதினால் நீ அங்குள்ள புராட்டஸ்டன்ட் திருச்சபையின் உறுப்பினர். அந்தத் தகவல் வரித்துறைக்கும் போய்விடும்.

உறுப்பினருக்குச் சபை வரி உண்டு. பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் இரண்டிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. சம்பளத்தில் 9 சதவீதம் என்று நினைத்துப் பலர் மிரளுகிறார்கள். அப்படி இல்லை, நீ கட்டுகிற வருமான வரியில்தான் அந்தக் கணக்கு. மாதம் 400 யூரோ வரி பிடித்தால் சபைக்கு 36 யூரோ. 2026ஆம் ஆண்டில் வரிக்குரிய வருமானம் 12,348 யூரோவைத் தாண்டாவிட்டால் வருமான வரியே கிடையாது, அதனால் சபை வரியும் கிடையாது. பார்ட் டைம் வேலையில் பெரும்பாலும் உறைக்காது. படிப்பு முடிந்து முதல் வேலையின் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போதுதான் 'இது என்ன பிடித்தம்?' என்று கேட்பார்கள்.

வேண்டாம் என்றால் விலகலாம். நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் அதற்கு நேரில் நீதிமன்றம் போய் 30 யூரோ கட்ட வேண்டும். அதுவரை முறையாகப் பிடித்த பணம் திரும்ப வராது. வரி மட்டும் வேண்டாம், உறுப்பினராக இருந்துகொள்கிறேன் என்கிற பேச்சும் அங்கே செல்லாது.

நீ சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. அங்கே ஒரு சபையில் ஒட்டி நடக்கப் போகிறாய் என்றால் தயங்காமல் 'எவாங்கேலிஷ்' என்று எழுது என்பேன். நாம் கொடுக்கிற சங்கக் காணிக்கை மாதிரிதான் அதுவும். உன்னோடு வருகிற வியாசர்பாடிப் பெண் பெந்தெகொஸ்தே சபை என்றாயே, அவள் அந்தச் சொல்லை எழுதக் கூடாது. அது பொதுவாக 'ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்) இல்லை' என்று சொல்கிற சொல் அல்ல, குறிப்பிட்ட திருச்சபையைக் குறிப்பது. பெந்தெகொஸ்தே சபைகளுக்கு இந்த வரி இல்லை. ஆர்.சி. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமே உறுப்பினர் கணக்கு, 'மதம் இல்லை' என்று எழுதுவது பொய்த் தகவல். பின்னால் விலகினாலோ, 2012இல் ஜெர்மன் ஆயர்கள் வெளியிட்ட ஆணைப்படி நற்கருணை வாங்க முடியாது.

ஞாயிறு ஆராதனை பெரும்பாலும் 10 மணிக்கு, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வாசலிலேயே பாட்டுப் புத்தகம் இருக்கும், எண்கள் சுவரில் பலகையில் இருக்கும். மொழி புரியாவிட்டாலும் சில மெட்டுகள் உனக்குத் தெரிந்திருக்கும். நம் ஞானப்பாட்டுகளில் பல அங்கிருந்து லுத்தரன் மிஷனரிகள் மூலம் வந்தவை. மார்ச் கடைசி ஞாயிறு விடியற்காலை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். செல்போன் தானாக மாறும், சுவர்க் கடிகாரம் மாறாது. அதை நம்பிப் போனால் ஆசீர்வாதம் சொல்கிற நேரத்தில்தான் உள்ளே நுழைவாய்.

கிறிஸ்துமஸுக்கு அங்கே கூட்டம் 24ஆம் தேதி சாயங்காலம்தான். அரை மணி முன்னதாகப் போனால் உட்கார இடம் கிடைக்கும். 25, 26 இரண்டு நாளும் கடை இல்லை. 2026இல் அடுத்த நாள் ஞாயிறு, ஆக மூன்று நாள் முழு அடைப்பு. 24ஆம் தேதியே மதியத்தோடு சாத்திவிடுவார்கள். பால், அரிசி, முட்டையை 23ஆம் தேதியே வாங்கி வை. வருஷக் கடைசி ஆராதனை பெரும்பாலும் சாயங்காலமே முடிந்துவிடும். இங்கே நடு ராத்திரி 12 அடிக்கும்போது உனக்கு இரவு 7:30. நம் சபை யூடியூபில் போட்டால் அதையும் பார்த்துவிடலாம்.

பண்டத்துக்கு வருகிறேன். பால்கோவா, நெய், இறைச்சி ஊறுகாய் எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படியே. காசிமேட்டுக் கருவாட்டுக்கு 20 கிலோ வரை தடையில்லை. சுங்கத்தில் தப்பிவிடும், ஹாஸ்டல் கிச்சனில் தப்புமா என்பது உன் பாடு. கேக், பிஸ்கட் வகையைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். டிசம்பரில் அம்மா கல்கல் பலகாரம் அனுப்பினால், வீட்டிலிருந்து வரும் அன்பளிப்புக்கு 45 யூரோ மதிப்பு வரை தீர்வை இல்லை. பார்சல் மேல் வெறுமனே 'ஸ்வீட்ஸ்' என்று எழுத வேண்டாம் என்று சொல்லி வை. என்ன பண்டம், எத்தனை கிராம், என்ன விலை என்று ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் சுங்க அலுவலகத்துக்கு உன்னையே வரச் சொல்லி, எதிரில் பிரிக்கச் சொல்வார்கள்.

அன்புடன்,
உன் அக்கா