இல்லாத பொத்தானைச் சரிபார்த்த உங்கள் சர்வீஸ் பிரிவு பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
சான் அன்டோனியோ, டெக்சாஸ்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
டாலஸ் அலுவலகம்.

பொருள்: வின்செஸ்டர் 1897 மாடல் பம்ப் ஷாட்கனின் நகல், 12 காஜ், 20 அங்குலக் குழல் – இரண்டு முறை சர்வீஸுக்கு வந்தும் அதே கோளாறு.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானாக வரும் மின்னஞ்சல்தான் பதிலாக வந்தது. நான் எழுதியது கருத்து இல்லை, புகார்.

கோளாறு இதுதான். குழலுக்கு அடியில் இருக்கும் பம்ப் பிடியை ஒரு தடவை இழுத்துத் தள்ளினால், தோட்டாக்களை வரிசையாக வைத்திருக்கும் மேகசினிலிருந்து ஒரு தோட்டா வர வேண்டும். எனக்கு இரண்டு வருகிறது. ஒன்று தோட்டாவைக் குழலுக்குத் தூக்கிவிடும் தகட்டின் மேல் உட்காருகிறது, மற்றது அதற்கு அடியில் நழுவிப் போய் மாட்டிக்கொள்கிறது. அப்புறம் பம்ப் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. கடைசிப் போட்டியில் டைமர் அடித்து மூன்றாவது குண்டிலேயே இப்படி ஆனது. குழலை மண்மேட்டுப் பக்கம் பிடித்தபடி, விரலை விட்டு நெம்பி எடுத்தேன். சிவப்பு பிளாஸ்டிக் ஓடு நடுவில் நசுங்கி, பித்தளை விளிம்பில் பல்லால் கடித்த மாதிரி தழும்பு. அந்தத் தோட்டாவை எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டால் படம் அனுப்புகிறேன். தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் பாகம் தேய்ந்தோ வளைந்தோ இருக்க வேண்டும். உங்கள் துப்பாக்கியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அப்படித்தான் நினைத்திருந்தேன், உங்கள் ஊழியரோடு போனில் பேசும்வரை.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "சேஃப்டி போட்டிருப்பீங்க, எடுத்துட்டுப் பாருங்க." இதில் சேஃப்டி, அதாவது சுடாமல் பூட்டி வைக்கும் பொத்தான், கிடையாது என்றேன். "சேஃப்டி இல்லாத துப்பாக்கியை நாங்க விக்க மாட்டோம் சார், மேனுவலைப் படிங்க" என்றார். மேனுவலை மடியில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் ஹாமரைப் பாதி இழுத்து நிறுத்தி வைப்பதுதான் இதில் இருக்கும் ஒரே பாதுகாப்பு என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை வரி வரியாக வாசித்தேன். கொட்டாவி விடுகிற சத்தம் கேட்டது. கடைசியில், "பம்ப் இழுக்கத் தெரியலைன்னா ரெட்டைக் குழல் வாங்கிக்கோங்க" என்று வைத்துவிட்டார்.

பதினோரு வருடமாகச் சுடுகிறேன். எனக்குப் பம்ப் இழுக்கத் தெரியாதாம்.

கோபத்தில் வரிசை மாறிவிட்டது, மன்னிக்கவும். பிப்ரவரியில் முதல் சர்வீஸ். தனிநபர் துப்பாக்கி அனுப்பினால் கூரியர் கம்பெனிகள் இப்போது எடுப்பதில்லை. ஷாட்கனைத் தபாலில் அனுப்பலாம் என்ற விதியைத் தபால் நிலையத்தில் நானே எடுத்துக் காட்டி அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து வந்தது. சீட்டில் "2 தோட்டா ஏற்றிச் சோதித்தோம், கோளாறு இல்லை" என்று இருந்தது. ஐயா, நான் போகும் கௌபாய் பாணித் துப்பாக்கிப் போட்டியில் சாதாரணப் பிரிவில் இரண்டுதான் ஏற்றுவோம், அதில் எனக்கும் கோளாறு இல்லை. ஒன்று குழலுக்குப் போனால் மேகசினில் மிச்சம் ஒன்றுதான், ஒன்றாக இரண்டு எப்படி வெளியே வரும்? 1911 பிஸ்டலோடு சுடும் பிரிவில் மேகசின் நிறைய ஏற்றும்போதுதான் சிக்குகிறது என்று பெட்டியிலேயே தாள் ஒட்டி அனுப்பியிருந்தேன். அந்தத் தாள் ஒட்டியது ஒட்டியபடியே திரும்பி வந்தது.

மறுபடி அனுப்பக் கேட்டபோது, சனிக்கிழமை மதியம்வரை திறந்திருக்கும், நேரில் கொண்டுவாருங்கள் என்றார் இன்னொருவர். அதிகாலை நாலரைக்குக் கிளம்பினேன். மகனுடைய பேஸ்பால் ஆட்டத்தை விட்டுவிட்டு, போக மட்டும் 275 மைல், ஆஸ்டினில் நெரிசல், வேகோ பக்கம் மழை. வந்து பார்த்தால் ஷட்டர் கீழே. "சனிக்கிழமையா? நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இங்கே சனிக்கிழமை ஆளே வந்ததில்லை" என்றார் காவலாளி. அவர் கொடுத்த காபிக்கு நன்றி. உங்கள் நிறுவனத்தில் இதுவரை என்னிடம் மரியாதையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். திரும்பி இன்னொரு 275 மைல்.

திரும்பவும் தபாலில்தான் அனுப்பினேன். இரண்டாவது சீட்டு இதோ என் முன்னால் இருக்கிறது. மூன்றாவது வரி: "பாதுகாப்புப் பொத்தான் – சரியாக இயங்குகிறது." பக்கத்தில் டிக், கையெழுத்து. இல்லாத பொத்தான் எப்படி ஐயா சரியாக இயங்கும்? யாரும் பெட்டியைத் திறக்கவே இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? வரிசையாக டிக் அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

பம்ப் இழுக்கும்போது பின்னால் வரும் போல்ட் (குழலின் பின்பக்கத்தை மூடும் இரும்புத் துண்டு) கட்டைவிரல் இடுக்கைக் கடிக்கிறது என்று நான் குறை சொல்லவில்லை. அது பிரௌனிங் வடிவமைத்த காலத்திலிருந்தே இருக்கும் குணம், கையை எங்கே வைக்க வேண்டும் என்பது என் பொறுப்பு. விசையை விடாமல் பம்ப் தள்ளினால் தானே வெடிக்கும் என்பதும் அசலில் உள்ளதுதான். 1957 வரை பத்து லட்சத்துக்கு மேல் செய்த துப்பாக்கி அது. எங்கள் கிளப்பில் ஒரு பெரியவரின் அசல் அவருக்கே மூத்தது, இன்றும் ஒரு தோட்டா சிக்காமல் ஓடுகிறது. உங்கள் பெட்டியின் மேல் "1918-ல் ஜெர்மனியே எதிர்ப்புத் தெரிவித்த துப்பாக்கி" என்று பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். அந்த எதிர்ப்புக்கு, உலகப்போர் நடுவிலும், அமெரிக்க அரசு பதில் அனுப்பியது. எனக்கு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை.

நீங்கள் நல்ல நிறுவனம் என்று நம்பித்தான் வாங்கினேன், இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருக்கிறது. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கி மீது அதிகாரம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அதனால் அங்கே போகப்போவதில்லை. ஆனால் ஏமாற்று வணிக நடைமுறைகளுக்கு எதிரான டெக்சாஸ் சட்டம் இருக்கிறது. வழக்குக்கு முன் 60 நாள் எழுத்து அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. இந்தக் கடிதமே அந்த அறிவிப்பு. துப்பாக்கி 612 டாலர், தபால், பெட்ரோல், போட்டிக் கட்டணம், வீணாய்ப்போன இந்த வருடம், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 2,500 டாலர் கேட்கிறேன். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் நகல் போகும்.

அதெல்லாம் வேண்டாம் என்றால் வழி எளிது. ஹாமர் வெளியே இருக்கும் துப்பாக்கியை ஒரு முறையாவது கையில் பிடித்த ஒருவரிடம் இதைக் கொடுங்கள். மேகசின் நிறைய ஏற்றிச் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அனுப்பும் செலவு உங்களுடையது. முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, இரண்டு சர்வீஸ் சீட்டுகளின் நகல்.

பி.கு.: அந்தப் பாதுகாப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சீட்டில் கையெழுத்துப் போட்டவருக்குத் தெரிந்திருந்தால், அம்புக்குறி போட்டு ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். கிளப்பில் எல்லோரும் கேட்கிறார்கள்.