வீல் ஷாப்பிலிருந்து ஸ்கேன் ரூம் வரை

வியாசர்பாடி,
ஞாயிறு காலை

அன்புள்ள பாலு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. போனில் பேசினால் வீட்டில் எல்லோர் காதிலும் விழும், அதனால் எழுதுகிறேன் என்று ஆரம்பித்திருந்தாய். அதைப் படித்ததுமே விஷயம் பெரியது என்று தெரிந்துவிட்டது. நீ பேப்பரில் பேனா வைத்து எத்தனை வருடம் ஆயிற்று!

இங்கே எல்லோரும் நலம். கவிதாவுக்கு 34 வாரம் முடிந்துவிட்டது. வளைகாப்பு போன மாதம் தண்டையார்பேட்டையில் மாப்பிள்ளை வீட்டிலேயே நடந்தது. கை நிறைய வளையலோடு இங்கே கூட்டி வந்துவிட்டோம். சரோஜாவுக்கு அவளை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடக்கூட மனசில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். கர்ப்பமாக இருக்கும் உன் மருமகளுக்கு என்.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உன் அம்மா போகவே கூடாது என்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவு, ஒவ்வொரு ஸ்கேனிலும் கதிர் பாய்ந்து பிள்ளையின் மூளை சுடுகிறது என்கிறது. இரண்டு பக்கமும் கேட்டு உனக்கே பயம் வந்துவிட்டது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகட்டும். அதுவும் நாள் கடத்தாமல் போகட்டும். அந்த ஸ்கேன் 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டியது. குழந்தையின் பின்கழுத்தில் தோலுக்கடியில் இருக்கும் நீரின் அளவை அந்த நாட்களில்தான் சரியாகப் பார்க்க முடியும். வீட்டில் பேசித் தீர்ப்பதற்குள் அந்த நாட்கள் போய்விடக் கூடாது.

அம்மாவின் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவர் காலத்தில் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுத்ததுண்டு. 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், வயிற்றில் இருக்கும்போது எக்ஸ்ரே பட்ட குழந்தைகளுக்குப் புற்றுநோய் அதிகம் வருவதைக் கண்டுபிடித்தார். மருத்துவ உலகம் அதை முழுதாக ஏற்கப் பல வருடம் பிடித்தது. அதனால் ஒரு பாட்டி "வயிற்றுப் பிள்ளைமேல் மெஷினைக் காட்டாதே" என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் சி.டி.க்கும் ஸ்கேன் என்கிறோம், எம்.ஆர்.ஐ.க்கும் ஸ்கேன் என்கிறோம், வயிற்றில் ஜெல் தடவிப் பார்ப்பதற்கும் ஸ்கேன் என்கிறோம். சி.டி.யில் எக்ஸ்ரே இருக்கிறது. ஜெல் தடவிப் பார்ப்பதில் கதிர் கிடையாது, அது வெறும் ஒலி. இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல். கேட்டுக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன்.

ரயில்வே ஒர்க்ஷாப்பில் அந்த ஒலியோடு இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். பெயிண்ட் ஷாப்பிலிருந்து சாப்பாட்டு டப்பாவோடு வீல் ஷாப்புக்கு வருவாயே, அப்போது நான் ஆக்சில், அதாவது சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின் முனையில் கிரீஸ் தடவி, ஒலியை அனுப்பி வாங்கும் புரோபை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திரையில் பச்சைக் கோடு ஓடும். ஒலி ஆக்சிலுக்குள் ஓடி, அந்தக் கோடி முனையில் பட்டுத் திரும்பி வரும். நடுவில் விரிசல் இருந்தால் எதிரொலி முன்னாலேயே வந்து கோட்டில் ஒரு முள் எழும்பும். மனிதக் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுவரைதான் கேட்கும். நான் வைத்த புரோப் 25 லட்சம். கவிதாவுக்கு முதல் ஸ்கேன் எடுத்தபோது கூடப் போயிருந்தேன். டாக்டரிடம் இந்தப் புரோப் எத்தனை என்று கேட்டேன். சுமார் 35 லட்சம் என்றார். கிட்டத்தட்ட என் மெஷின்தான் பாலு! என் கிரீஸ் இருந்த இடத்தில் அவருடைய ஜெல். இடையில் காற்று புகுந்தால் ஒலி உள்ளே போகாது, அங்கேயும் இங்கேயும் அதே காரணம்தான். ஆரம்ப மாதத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வதும் அதற்குத்தான். நிறைந்த மூத்திரப்பை, காற்றடைத்த குடலை ஒதுக்கித் தள்ளி ஒலிக்கு வழிவிடுகிறது.

இன்னொன்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. கர்ப்பிணிகளுக்கு இந்த ஒலியைக் கொண்டு வந்தவர் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட். கப்பல் கட்டும் ஊர் அது. 1955இல் அவர் ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் வைத்துக்கொண்டு ஒரு பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். வெல்டிங்கில் பழுது இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் மெஷினை வைத்து அந்தக் கட்டிகளைச் சோதித்தார். டாம் பிரவுன் என்ற இன்ஜினியர் அவரோடு சேர்ந்துகொள்ள, 1958இல் அவர்களுடைய கட்டுரை வந்தது. பாய்லரையும் ஆக்சிலையும் பார்த்த கருவிதான் பிள்ளையைப் பார்க்கவும் வந்தது. நம் ஷாப்பில் எவனுக்கும் இது தெரியாமல் போயிற்றே என்று இன்னும் ஆதங்கமாக இருக்கிறது.

சரி, இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் பிள்ளைக்கும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஒலி உடம்புக்குள் போனால் கொஞ்சம் சூடாகத்தான் செய்யும். உன் முழங்காலுக்கு பிசியோதெரபியில் அல்ட்ராசவுண்ட் வைத்தார்களே, அது சூடாக்குவதற்கென்றே வைப்பது. அங்கே ஒலியைத் தொடர்ந்து செலுத்துகிறார்கள். கர்ப்பிணிக்கு எடுக்கும் சாதாரணப் படத்தில் துளி ஒலி போகும், அப்புறம் எதிரொலிக்காகக் காத்திருக்கும், மறுபடி ஒரு துளி. கூட்டிப் பார்த்தால் நூறில் ஒரு பங்கு நேரம்கூட ஒலி உள்ளே போவதில்லை. ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர்தான் வேறு மாதிரி. அதில் ஒரே இடத்தில் குவித்து, இடைவெளி குறைத்து அனுப்புகிறார்கள். சூடு ஏற வாய்ப்பு அதிகம். அதனால்தான் முதல் மூன்று மாதத்தில் டாப்ளரை வழக்கமாகப் போடக் கூடாது, காரணம் இருந்தால் மட்டும், முடிந்தவரை குறைந்த நேரம் என்று இந்தத் துறை மருத்துவர்களின் சர்வதேச சங்கம் சொல்லியிருக்கிறது.

திரையின் ஓரத்தில் டி.ஐ. என்று ஓர் எண் இருக்கும். அது 1 என்றால், அந்த அளவில் சூடு ஒரு டிகிரிவரை ஏறக்கூடும் என்று வைத்துக்கொள். இந்த எண் திரைக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1992இல் அமெரிக்காவில் கர்ப்ப ஸ்கேனுக்கான சக்தி வரம்பை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 94 மில்லிவாட்டிலிருந்து 720 வரை உயர்த்தினார்கள். படம் தெளிவாக வர அது உதவியது. பதிலுக்கு மெஷின் இந்த எண்ணைக் காட்டியாக வேண்டும், பார்ப்பவர் அதைக் கவனித்து வேலை செய்ய வேண்டும் என்று பொறுப்பை டாக்டர் கையில் கொடுத்தார்கள். அதனால் மெஷினைவிட அதைப் பிடிக்கும் கை முக்கியம் என்பது என் எண்ணம். நம் வேலையும் அப்படித்தானே இருந்தது.

அந்த வாட்ஸ்அப் குரலுக்கு வேர் எங்கே இருக்கிறது என்றும் ஊகிக்க முடிகிறது. 2006இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கருவுற்ற எலிகளுக்கு அரை மணி நேரமும் அதற்கு மேலும் ஒலி செலுத்திப் பார்த்தார்கள். குட்டிகளின் மூளையில் சில நரம்பணுக்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பொய்யில்லை, நடந்த ஆய்வு. ஆனால் எலிக்குட்டியின் தலை எவ்வளவு, நம் பிள்ளையின் தலை எவ்வளவு! அங்கே ஒலி அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. இங்கே டாக்டரின் கை ஓரிடத்தில் நிற்பதில்லை. மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் சுமார் 2,800 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு டாப்ளரோடு ஐந்து ஸ்கேன். அந்தக் குழந்தைகளில் கொஞ்சம் அதிகம் பேர் எடை குறைவாகப் பிறந்தார்கள் என்று 1993இல் எழுதினார்கள். அதே குழந்தைகளை எட்டு வயதுவரை பின்தொடர்ந்து 2004இல் மறுபடி எழுதினார்கள்: வளர்ச்சியிலும் பேச்சிலும் நடத்தையிலும் இரண்டு பக்கக் குழந்தைகளுக்கும் வித்தியாசமில்லை. எட்டு வருடம் காத்திருந்து சொன்னது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

இத்தனையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உனக்குத் தெரியும். 1988. இதை நானும் சரோஜாவும் வாய்விட்டுப் பேசுவதில்லை, உன்னிடம் எழுதலாம். எட்டாவது மாதம், ராத்திரி பதினொரு மணி. வலி ஒன்றும் இல்லை, பாய் மட்டும் நனைந்திருக்கிறது என்றாள். விளக்கைப் போட்டால் எல்லாம் ரத்தம். நீதான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாய், ஆஸ்பத்திரியில் முதல் பாட்டில் ரத்தமும் நீதான் கொடுத்தாய். சரோஜா பிழைத்தாள். பையன் பிழைக்கவில்லை. நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருந்தது என்று மறுநாள் டாக்டரம்மா சொன்னார். அப்போது எல்லோருக்கும் ஸ்கேன் எழுதிக் கொடுக்கும் வழக்கமில்லை, எங்களுக்கும் யாரும் எழுதவில்லை. நான் பகல் முழுக்க ஆக்சிலுக்குள் மயிரிழை விரிசலைத் தேடிக்கொண்டிருந்தேன் பாலு. அதே ஒலியால் என் வீட்டில் பார்த்திருக்க முடியும் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். பார்த்திருந்தால் முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்து, நாள் குறித்து ஆபரேஷன் செய்திருப்பார்கள்.

கவிதாவுக்கு 20ஆவது வார ஸ்கேனில் "நஞ்சு கீழே இருக்கிறது" என்று எழுதி வந்தபோது என் கால் நடுங்கிவிட்டது. டாக்டர் உட்கார வைத்துப் பேசினார். இந்த வாரத்தில் இப்படி இருப்பது பலருக்கும் உண்டு, கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலும் மேலே போய்விடும், 32இல் மறுபடி பார்ப்போம், அதுவரை துளி ரத்தம் பட்டாலும் உடனே வந்துவிடுங்கள் என்றார். அந்தப் பன்னிரண்டு வாரமும் சரோஜா தூங்கவில்லை. 32இல் பார்த்தார்கள். நன்றாக மேலே போய்விட்டது. ரிப்போர்ட்டைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

அதற்காக ஸ்கேன் எத்தனை எடுத்தாலும் நல்லது என்று நினைத்துவிடாதே. 24 வாரத்துக்குள் ஒன்றாவது எடுங்கள் என்பது 2016இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் ஊர் டாக்டர்கள் நாலைந்து எழுதுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டால் சொல்கிறார்கள். கேட்கத் தயங்காதே. காரணமில்லாமல் முகம் பார்க்க, படம் பிடித்து வைக்க என்று போக வேண்டாம். ஆரம்ப வாரங்களில் துடிப்பைச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்றும் கேட்க வேண்டாம். அந்தச் சத்தம் டாப்ளரில் வருவது. திரையில் துடிப்பது கண்ணுக்கே தெரியும், வேகத்தையும் டாப்ளர் இல்லாமலே அளந்து சொல்வார்கள். மருமகளுக்கு அன்று காய்ச்சல் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல், உடம்பில் ஏற்கெனவே சூடு இருக்கிறதல்லவா.

எங்கள் மாப்பிள்ளை ஆசையாக ஆன்லைனில் ஒரு சின்ன டாப்ளர் வாங்கி வந்தார், வீட்டிலேயே துடிப்பு கேட்கலாம் என்று. நர்ஸம்மா பார்த்துவிட்டுக் கோபித்தார். அம்மாவின் துடிப்பையே பிள்ளையுடையது என்று நினைத்துவிடுவீர்கள், பிள்ளை அசைவு குறைந்த அன்றும் சத்தம் கேட்கிறதே என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள் என்றார். மறுநாளே மாப்பிள்ளை அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல பிள்ளை.

கடைசியாக, நீ கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியது: பையனா பெண்ணா என்று தெரிந்தால் அம்மா சமாதானமாவார், கேட்டுப் பார்க்கலாமா என்று. கேட்காதே பாலு. வேறு யார் எழுதியிருந்தாலும் பதில் போட்டிருக்க மாட்டேன். இந்த மெஷின் நம் நாட்டில் செய்த பெரிய பாவம் சூட்டினால் வந்ததில்லை, இந்தக் கேள்வியால் வந்தது. எத்தனை பெண் பிள்ளைகள் அதனால் பிறக்காமலே போயின! 1994இல் சட்டமே போட வேண்டியிருந்தது. சொன்ன டாக்டருக்கு மட்டுமல்ல, கேட்ட குடும்பத்துக்கும் சிறை உண்டு. ஸ்கேன் ரூம் வாசலிலேயே போர்டு மாட்டியிருப்பார்கள், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் நிரப்புவார்கள். அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்: எந்தப் பிள்ளையாக இருந்தாலும் என் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள், நான் தூக்கிக்கொள்கிறேன்.

உன் அண்ணன் படகை விற்றுவிட்டார், தெரியுமா? போன ஞாயிறு காசிமேட்டில் பார்த்தேன். மீன் காட்டும் மெஷினை மட்டும் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறாராம், கொடுக்க மனசு வரவில்லை என்றார். அதுவும் ஒலிதான் என்று சொன்னேன், அரை மணி நேரம் என்னை விடவில்லை.

சரோஜா உன் மருமகளுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், உப்பு குறைத்துத்தான். என் மைத்துனன் வியாழக்கிழமை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் திருச்சி வருகிறான். பொன்மலை வீட்டில் கொண்டு வந்து கொடுப்பான். ஸ்கேன் எந்தத் தேதி என்று அவனிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
உன் ராமு