‘பீப்’ ஒலியைவிடப் புனைசொல் மேல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களுக்கென்று இட்டுக்கட்டப்பட்ட வசைச்சொற்களை நம் பிள்ளைகள் சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள் என்றும், அவையும் கெட்ட வார்த்தைகளே என்பதால் பெற்றோர் முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்றும் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். அவருடைய கவலையை மதிக்கிறேன். ஆனால், பதினெட்டு ஆண்டுகளாக வேற்றுமொழித் தொடர்களுக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதிவரும் எனக்கு இந்தச் சொற்களோடு நெருங்கிய பழக்கம் உண்டு. அவற்றின் மீது பழி போடுவது சரியன்று என்பதை எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இவை எப்படிப் பிறந்தன என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1978-ஆம் ஆண்டு, வானொலியில் பட்டப்பகலில் ஒலித்த ஆபாசச் சொற்கள் பற்றிய வழக்கில், அவற்றைக் கட்டுப்படுத்த ஒலிபரப்பு ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அங்கே ஒளிபரப்பான ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்ற விண்வெளித் தொடரில், போர்வீரர்கள் ஆத்திரத்தில் சொல்வதற்கென்று ‘ஃப்ராக்’ என்ற சொல் உருவாக்கப்பட்டது. அந்தத் தீர்ப்புதான் இந்தச் சொல்லுக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைய கெடுபிடி எப்படிப்பட்டது என்பதற்காகக் குறிப்பிடுகிறேன். பின்னாளில் அத்தொடர் புதிதாக எடுக்கப்பட்டபோது, ஆங்கிலத்தில் வசைச்சொற்களை ‘நான்கெழுத்து வார்த்தை’ என்று சொல்லும் வழக்கத்திற்கு ஏற்ப, ஐந்தெழுத்தாக இருந்த அந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டலையே நான்காகக் குறைத்தார்கள். பிறகு வேறு தொடர்களின் பாத்திரங்களும் அதைப் பேசத் தொடங்கினார்கள். கல்லூரி விடுதிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

பிரிட்டனிலும் இதே கதைதான். 1974 முதல் 1977 வரை பிபிசி ஒளிபரப்பிய ‘பாரிட்ஜ்’ நகைச்சுவைத் தொடர் சிறைச்சாலையில் நடப்பது. கைதிகள் மரியாதையாகப் பேசினால் எவரும் நம்பமாட்டார்கள். உள்ளபடி பேசினாலோ குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆகவே அதை எழுதியவர்கள், சிறு வட்டத்தில் மட்டும் புழங்கிவந்த ‘நாஃப்’ என்ற சொல்லை எடுத்து, ‘தொலைந்து போ’ என்பதன் கடுமையான வடிவம் ஒலிக்க வேண்டிய இடங்களில் எல்லாம் வைத்தார்கள். 1982-இல் குதிரையேற்றப் போட்டி ஒன்றில் தம்மைச் சூழ்ந்த புகைப்படக்காரர்களை நோக்கி இளவரசி ஆன் இந்தச் சொல்லையே வீசியதாக அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. 1988-இல் தொடங்கிய ‘ரெட் டுவார்ஃப்’ தந்த ‘ஸ்மெக்’ என்ற வசவும் அவ்வாறே பிரிட்டிஷ் இளைஞர்களின் நாவில் ஏறியது.

இச்சொற்கள் நிலைத்ததற்கு அவற்றின் ஓசை முக்கியமான காரணம். ‘ஃப்ராக்’ என்னும்போது கீழுதடு மேற்பல்லில் பட்டுக் காற்று சீறி வருகிறது. முடிவில் ‘க்’ என்று கதவை அறைந்ததுபோல் நிற்கிறது. கோபத்திற்கு வேண்டியது இந்தச் சீற்றமும் இந்த அடைப்பும்தான். சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஒரு விண்வெளித் தொடர் தமிழாக்கத்திற்காக என்னிடம் வந்தது. நடிகரின் முகம் திரை நிறைய இருக்கும்போது உதடு பல்லில் படுவது பார்வையாளர் கண்ணுக்குத் தப்பாது. அதற்குப் பொருந்தும் எழுத்து தமிழில் ஒன்றே ஒன்றுதான். ‘பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்’ என்று தொல்காப்பியம் சொல்லியிருக்கிறதே, அந்த ‘வ’. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆனால் வன்தொடர்க் குற்றியலுகரத்தில், அதாவது ‘பாக்கு’ என்பதில்போல வல்லின மெய்யை அடுத்துக் குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடிந்தால் வாய் பெரிதாகக் குவியாமல் அதே அடைப்புக் கிடைக்கும். இரண்டு நாள் யோசித்து, ‘வெடுக்கென்று பேசினான்’ என்பதிலிருந்து ‘வெடுக்கு’ என்ற சொல்லை மட்டும் பிரித்தெடுத்து, ‘போடா வெடுக்கு’, ‘வெடுக்குப் பயலே’ என்று வசனம் முழுவதும் எழுதினேன். குரல் கொடுத்தவர் முதல் டேக்கிலேயே அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்; மறுநாள் காலை ஸ்டூடியோ வாசலில் தம் மோட்டார் சைக்கிள் உதைத்தும் கிளம்பாதபோது, யாரும் சொல்லாமலே அதே சொல்லை அந்த வண்டியைப் பார்த்துச் சொன்னார்.

அந்தச் சொல் ஒளிபரப்பாகவில்லை. சேனலின் தணிக்கைப் பிரிவினர், துறையில் நாங்கள் ‘எஸ் அண்ட் பி’ என்று சொல்பவர்கள், பொருள் தெரியாத சொல்லால் வீண் வம்பு வரும் என்று நீக்கிவிட்டுச் சில இடங்களில் ‘சனியனே’ என்று மாற்றச் சொன்னார்கள். மற்ற இடங்களில் ‘பீப்’ வைத்தார்கள். அதே வாரம், அதே சேனலின் நெடுந்தொடர் ஒன்றில், மாமியார் பாத்திரம் மருமகளை ‘மலடி’ என்று மூன்று முறை அழைத்தது. அதில் ஒன்றுகூட நீக்கப்படவில்லை.

அன்பர் இந்த இடத்தில்தான் தம் கவலையை வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். நம் ஊர் வசவுகளை எண்ணிப் பாருங்கள்: திட்டு வாங்குபவன் ஒருவனாக இருந்தாலும் அடி விழுவது அவனுடைய தாய்க்கு, அக்காள் தங்கைக்கு, அவன் பிறந்த சாதிக்கு, கணவனை இழந்தவளுக்கு, காலோ கண்ணோ குறைபட்டவருக்கு. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதற்கு எதிராக 1989-ஆம் ஆண்டுச் சட்டமும், மாற்றுத்திறனாளிகளை இழித்துப் பேசுவதற்கு எதிராக 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. திரையில் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிக்கும்போது சொற்களில் கவனம் வேண்டும் என்று 2024 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றமே வழிகாட்டியிருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் ‘மலடி’யும் ‘ராசி கெட்டவளே’யும் குடும்பம் பார்க்கும் நேரத்தில் தடையின்றி ஒலிக்கின்றன. ‘ஃப்ராக்’ என்ற சொல்லுக்குத் தாய் இல்லை, சாதி இல்லை, ஊனம் இல்லை. அதைக் கேட்டுத் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு அடுக்களைக்குள் போய் அழ வேண்டிய பெண் எவரும் எந்த வீட்டிலும் இல்லை.

இப்படி மறைத்துச் சொல்வது மேலைநாட்டுப் பழக்கமும் அன்று. ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்பது தொல்காப்பியம்; அதையே நன்னூல் இடக்கரடக்கல் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் முதலாவதாக வைத்தது. ‘கால் கழுவி வந்தான்’ என்று பள்ளிக்கூடத்தில் எடுத்துக்காட்டுப் படித்திருப்போம். சபையில் சொல்லக் கூடாததைச் சொல்லியும் ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது, நம் முன்னோர் வாயைப் பொத்தச் சொல்லவில்லை, வேறொரு சொல்லைத் தேடச் சொன்னார்கள்.

‘பீப்’ ஒலியோ சொல்லைத் தேடுவதே இல்லை. இருந்த இடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போய்விடுகிறது. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி நகைச்சுவை நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தபோது, “அந்த மாமா என்ன சொன்னாங்க, பாட்டி?” என்று கேட்டாள். “ஒன்றும் இல்லை” என்றேன். “இல்ல, கெட்ட வார்த்தை. ரவி அண்ணாவுக்குத் தெரியும், கேட்டுட்டு வரேன்” என்று எழுந்து ஓடினாள். ஒரு புனைசொல் அங்கே இருந்திருந்தால் அவள் சிரித்துவிட்டு அடுத்த காட்சியைப் பார்த்திருப்பாள்.

குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் கெட்ட வார்த்தை கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. சேனல்களை நான் கேட்டுக்கொள்வது இரண்டு. ஒரு வசைச்சொல்லை நீக்குவதென்று முடிவு செய்தால், ‘பீப்’ வைப்பதற்கு முன் அந்த வசனத்தை எழுதியவருக்கு ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். மாற்றுச்சொல் கொண்டுவருவது எங்கள் வேலை. எழுத்தாளர்களுக்கு அனுப்பும் தடைப்பட்டியலில் ‘மலடி’ என்ற சொல்லையும் சேர்த்து, அடுத்த வாரப் படப்பிடிப்பு தொடங்குவதற்குள் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
டப்பிங் வசன எழுத்தாளராகப் பணிபுரியும் ஒரு வாசகி,
சாலிகிராமம், சென்னை.