ஒரு சீட்டுக்காக நடந்த சண்டை

மெல்பர்ன்

அன்புள்ள தாஸ்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாதே. நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இங்கே பேத்திக்குப் பள்ளி விடுமுறை. "தாத்தா, தங்கம் அரிக்கப் போகலாம்" என்று பிடித்துக்கொண்டாள். போன சனிக்கிழமை மருமகன் காரில் எல்லோருமாகப் பழைய தங்கச் சுரங்க ஊரான பல்லாரட் போய்வந்தோம். அவள் ஓடையில் தட்டை ஆட்டி ஆட்டி மூன்று பொட்டு எடுத்தாள். கடுகில் பாதி இருக்கும். நான் பார்க்க ஆசைப்பட்டது ஒரு கொடியை.

வெளிச்சம் குறைத்த அறையில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். நீலத் துணி, வெள்ளைச் சிலுவை, எட்டு முனை கொண்ட ஐந்து நட்சத்திரம். நீலம் நன்றாக வெளுத்துவிட்டது. ஓரமெல்லாம் கந்தல். பூச்சி அரித்தது என்று நினைத்தேன். இல்லையாம், ஞாபகத்துக்கு என்று ஆளாளுக்குக் கத்தரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இல்லை. அந்தக் கொடியின் கீழே 1854 டிசம்பர் 3ஆம் தேதி தங்கம் தோண்டியவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த சண்டை மொத்தமே இருபது நிமிஷம்தான். அதைத்தான் யுரேகா கலகம் என்கிறார்கள்.

முப்பது வருஷம் பூமிக்குள் இறங்கி ஏறியவன் நீ, உனக்கு இது சட்டென்று பிடிபடும். பல்லாரட்டில் தங்கம் பழைய ஆற்றுப்படுகைகளில், ஆழத்தில் புதைந்து கிடந்தது. நூறடிக்கும் கீழே தோண்ட வேண்டும். தண்ணீர் ஊறும், பக்கத்து மண் சரியும், பலகை அடித்து அடித்து இறங்க வேண்டும். அடியைத் தொட மாதக்கணக்கில் ஆகும். தொட்டாலும் வெறும் சேறாக இருக்கலாம். ஆனால் தோண்டுவதற்கான அனுமதிச் சீட்டுக்கு மாதம் ஒரு பவுண்டு கட்டியே ஆக வேண்டும், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

பணத்தைவிட அவர்களை எரித்தது சோதனைதான். இந்த விக்டோரியா காலனிக்குப் புது கவர்னராக ஹோத்தம் வந்ததும் வாரம் இரண்டு முறை சோதனை என்று உத்தரவு போட்டார். குழிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பவன் மேலே ஏறி வந்து சீட்டைக் காட்ட வேண்டும். கூடாரத்தில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்றால் கைது. அதனால் போலீஸ் தலை தெரிந்தால் முதலில் பார்த்தவன் "ஜோ! ஜோ!" என்று கத்துவான், குழிக்குக் குழி அந்தக் கத்தல் தாவும். சீட்டைக் கொண்டுவந்த பழைய கவர்னர் சார்லஸ் ஜோசப் லா ட்ரோபின் நடுப்பெயர் அது! நம் ஆட்களுக்குப் பட்டப்பெயர் வைக்கச் சொல்லித்தர வேண்டாம் என்பாயே, இவர்களும் சளைத்தவர்கள் இல்லை.

அக்டோபரில் ஸ்கோபி என்ற தொழிலாளியை ஒரு ஹோட்டல் வாசலில் அடித்துக் கொன்றார்கள். ஹோட்டல்காரருக்கு மாஜிஸ்திரேட்டைத் தெரியும்; வழக்கில் விட்டுவிட்டார்கள். கூட்டம் ஹோட்டலைக் கொளுத்தியது. நவம்பரில் சீர்திருத்தச் சங்கம் ஒன்று ஆரம்பித்தார்கள். ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு வேண்டும், ஓட்டில்லாதவனிடம் வரி வாங்காதே என்று தீர்மானம் போட்டார்கள். மாதக் கடைசியில் சீட்டுகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். பீட்டர் லேலர் என்ற ஐரிஷ்காரர் கொடியின் கீழே எல்லோரையும் மண்டியிடவைத்து உறுதிமொழி எடுக்கவைத்தார். மரக்கட்டைகளை அடுக்கி ஒரு வேலி. அவ்வளவுதான் கோட்டை.

ஞாயிற்றுக்கிழமை அடிக்க வரமாட்டார்கள் என்று நம்பி சனி இரவு பெரும்பாலோர் போய்விட்டார்கள். விடிவதற்குள் பட்டாளமும் போலீசுமாக முந்நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாக வந்து முடித்துவிட்டார்கள். கலகக்காரர்கள் பக்கம் குறைந்தது 22 பேர் செத்தார்கள். லேலருக்கு ஒரு கை போயிற்று.

இதுவரை சொன்னது எந்த ஊர்க் கலகத்திலும் நடப்பதுதான். எனக்குப் பெரிதாகப் பட்டது அதற்கப்புறம் நடந்தது. 13 பேர் மேல் ராஜத் துரோக வழக்கு போட்டார்கள். தூக்குக்குப் போகிற குற்றம். முதலில் நிறுத்தியது ஜான் ஜோசப் என்ற கறுப்பின அமெரிக்கரை. கறுப்பரைத் தண்டிக்க ஜூரி தயங்காது என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். மெல்பர்ன் ஜூரி அவரை விடுதலை செய்தது. ஜனங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள். பிறகு 12 பேரையும் ஒவ்வொருவராக ஜூரிகள் விட்டுவிட்டன. ஜூரியில் உட்கார்ந்தவர்கள் சாதாரண நகரவாசிகள், வேலிக்குள் நின்றவர்கள் இல்லை. அவர்கள் மாட்டோம் என்றதும் அரசாங்கத்தால் ஒன்றும் செய்யமுடியவில்லை. ஆனால் பல்லாரட் பத்திரிகை ஆசிரியர் ஹென்றி சீகாம்ப் மட்டும் எழுதியதற்காக உள்ளே போனார். அது எந்த ஊரிலும் மாறாது போல.

1855இல் மாதச் சீட்டை எடுத்துவிட்டு வருஷத்துக்கு ஒரு பவுண்டில் 'சுரங்கக்காரர் உரிமைச் சீட்டு' கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்திருந்தால் ஓட்டு உண்டு. தலைக்கு 200 பவுண்டு விலை வைக்கப்பட்டிருந்த லேலர் ஒரு வருஷத்துக்குள் சட்டசபையில் உட்கார்ந்தார். ஆஸ்திரேலிய ஜனநாயகம் யுரேகாவில் பிறந்தது என்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. புது அரசியல் சட்டம் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. கலகம் இல்லாவிட்டாலும் ஓட்டு வந்திருக்கும். இவ்வளவு சீக்கிரம், சுரங்கக்காரன் கையில் வந்திருக்குமா என்பதுதான் கேள்வி.

அதே 1855இல்தான் சீனர்கள் வந்திறங்கத் தலைக்குப் பத்து பவுண்டு வரியும் போட்டார்கள். கலகத்தை விசாரித்த கமிஷனே சீனர் வருகையைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருக்கிறது. வரிக்குத் தப்ப ஆயிரக்கணக்கான சீனர்கள் பக்கத்துக் காலனியில் ரோப் என்ற துறையில் இறங்கி நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வந்தார்கள். அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான வதவுரங் பழங்குடி மக்களிடம் யாரும் எந்தச் சீட்டுக்கும் அனுமதி கேட்கவில்லை.

லேலர் கதையும் கசக்கிறது. 1873இல் க்ளூன்ஸ் என்ற ஊரில் ஒரு சுரங்கக் கம்பெனியின் இயக்குநர் அவர். சனிக்கிழமை பிற்பகல் ஷிப்ட் வேண்டாம் என்று தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பெனி சீனர்களைக் கூட்டிவந்து வேலையை நடத்தப் பார்த்தது. ஊரே திரண்டு வண்டிகளைத் திருப்பி அனுப்பியது.

கொடி முன்னால் நிற்கும்போது உன் தாத்தா ஞாபகம் வந்தது. கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள் என்றதற்காக 1930இல் கோலார் தங்கவயலே வேலைக்கு இறங்காமல் நின்றதை, சாம்பியன் ரீஃப் லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் நமக்குச் சொன்னாரே. "நான் என்ன திருடனா, விரலை மையில் அழுத்த?" என்று கட்டை விரலைக் காட்டுவார். அப்போது நாம் சிரித்தோம்.

அவருடைய பழைய கம்பெனி காகிதங்கள் தகரப் பெட்டியில் இருந்தனவே, இன்னும் இருக்கின்றனவா? பெட்டி பரண்மேல் இருந்தால் நீ ஏறாதே, பையனை ஏறச் சொல். படம் எடுத்து அனுப்பு. பேத்திக்குக் காட்ட வேண்டும்.

உன்
செல்வம்