குளம்புக்கு மேலே ஒரு கிரீடம்

நியூமார்க்கெட், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. விடிவதற்கு முன்பே லாயத்துக்குப் போய்விடுகிறோம். கையுறை போட்டாலும் விரல் மரத்துப்போகிறது. ஆனால் குதிரையின் காலைத் தொட்டுப் பார்க்கும்போது அதைக் கழற்றித்தான் ஆகவேண்டும், வெறுங்கையில்தான் சூடு தெரியும்.

கிண்டியில் நீங்கள் தினமும் தடவிப் பார்ப்பீர்களே, முடி முடிந்து குளம்பு தொடங்கும் அந்த விளிம்பு, அதற்கு இங்கே 'கொரொனெட்' என்று பெயர். சின்னக் கிரீடம் என்று அர்த்தம். லத்தீனில் 'கொரோனா' என்றால் தலையில் சூடும் மாலை, கிரீடம். நம்மை வீட்டுக்குள் அடைத்த கிருமியின் பெயரிலும் இருப்பது அதே சொல்தான். அது பழைய பிரெஞ்சுக்குப் போய், சின்னது என்று காட்டும் ஒரு விகுதியும் சேர்ந்து, ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது.

மன்னர் சூடுவது 'கிரவுன்', பிரபுக்கள் சூடுவது கொரொனெட். பிரபுக்களில் மேல்படியில் இருக்கும் டியூக் என்றால் எட்டு ஸ்ட்ராபெரி இலை, கடைசிப் படியில் இருக்கும் பாரனுக்கு ஆறு வெள்ளி உருண்டை. பாரன்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்தவர் மன்னர் இரண்டாம் சார்லஸ். இந்த ஊர்க் குதிரைப் பந்தயம் என்றால் அவருக்கு உயிர். 1671-இல் தானே குதிரையேறி இங்கே ஜெயித்திருக்கிறார். அவருடைய பொலிகுதிரை ஓல்ட் ரௌலியின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராகி, இன்றும் இங்குள்ள ஒரு பந்தயத் திடலை ரௌலி மைல் என்கிறார்கள்.

போன மாதம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிஜமான கொரொனெட் ஒன்றைப் பார்த்தேன். 1840-இல், கல்யாணமான வருஷம், விக்டோரியா ராணிக்காக ஆல்பர்ட் தானே வடிவமைத்தது. நீலக்கல்லும் வைரமுமாக, உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. கணவர் போன பிறகு, 1866-இல் பாராளுமன்றத்தைத் திறக்க வந்தபோது பெரிய கிரீடத்தை விட்டுவிட்டு ராணி இதைத்தான் அணிந்தாராம். கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.

ஆனாலும் என் மனசுக்குக் குதிரையின் கிரீடம்தான் பெரிது. குளம்பு முழுக்க அங்கிருந்துதான் வளர்ந்து இறங்குகிறது, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். அங்கே ஆழமாக அடிபட்டால் கீழே இறங்கும் குளம்பிலும் வெடிப்போ வடுவோ நிரந்தரமாகத் தங்கிவிடலாம். என் பொறுப்பிலுள்ள செந்நிறப் பெட்டைக்கு, வேகமாக ஓடும்போது பின்கால் லாடம் முன்காலின் விளிம்பில் பட்டுக் கீறிவிட்டது. அரிசி அளவு காயம்தான். அது ஆறிவிட்டது, அதற்கு நேர்கீழே குளம்பில் மெல்லிய கோடு ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. தரையைத் தொட அடுத்த வருஷம் ஆகிவிடும்.

நீங்கள் அந்த விளிம்பில் ராத்திரி ஓர் எண்ணெய் தடவுவீர்களே, அது விளக்கெண்ணெய்தானா, கூட வேறு எதையாவது கலப்பீர்களா? தம்பியிடம் சொல்லி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், அம்மாவுக்குத் தைலம் வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் அன்பு மகன்,
முருகன்